மானுக்குக் காட்டப்படும் குழந்தைகள்

டிசம்பர் 3 வந்தால் போதும், மாற்றுத்திறனாளிகள் தினம் என்று ஊரெல்லாம் பேனர். அன்றைக்கோ அதற்கு முன்பின் வரும் சனிக்கிழமையோ ஏதாவது ஒரு வனப் பூங்கா வாசலில் காலை பத்து மணிக்குப் போய் நின்றால் இந்தக் காட்சி கிடைக்கும். ஸ்பெஷல் ஸ்கூல் வேன் இரண்டு வந்து நிற்கும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கலரில் தொப்பி, டீ-ஷர்ட். டீ-ஷர்ட் முதுகில் ஸ்பான்சர் கம்பெனியின் லோகோ. (பள்ளியின் பெயரும் இருக்கலாம், இடம் மிச்சம் இருந்தால்.) சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. அதனால் எல்லோரும் வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். அவர் வந்ததும் கொடியசைப்பு, போட்டோ. மான் வேலிக்கு முன்னால் இன்னொரு போட்டோ. பிஸ்கட் பாக்கெட் கொடுக்கும்போது, கொடுக்கும் கையும் வாங்கும் கையும் தெரிகிற மாதிரி மறுபடி ஒரு போட்டோ. பன்னிரண்டரைக்கு லெமன் சாதம். ஒரு மணிக்கு வேன் கிளம்பிவிடும்.

குழந்தை மானைப் பார்த்த நேரம் எவ்வளவு, கேமராவைப் பார்த்த நேரம் எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டால் தெரியும், அங்கே யாரை யாருக்குக் காட்டினார்கள் என்று.

"போகாமலே இருப்பதற்கு இதாவது நடக்கிறதே, இதில் என்ன குற்றம் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். பதில் என்னவென்றால், இந்த வருடாந்திர டூர் நடப்பதாலேயே வருடத்தின் மீதி 364 நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பூங்கா நிர்வாகத்திடம் கேட்டால் "போன டிசம்பர்ல கூட ஸ்பெஷல் சில்ட்ரன் வந்தாங்களே, நல்லா கவனிச்சோமே" என்பார்கள். அன்றைக்கு வாசல் கம்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள். நான்கு ஊழியர்கள் சக்கர நாற்காலியைப் படியில் தூக்கிவிட்டார்கள். பூட்டியே கிடக்கும் டாய்லெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை ஒரு அம்மா தன் பையனோடு தனியாக அங்கே வந்தால் கம்பி மறுபடி அதே இடத்தில் நிற்கும். டாய்லெட் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டும்.

விஷயம் அந்தப் புதன்கிழமைதான்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. இந்தியாவில் வேறு பெருநகரங்களில் அதிகம் காணக் கிடைக்காதபடி, ஊருக்கு நடுவிலேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர், 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புள்ளிமானும் வெளிமானும் இருக்கிற வறண்ட பசுமைமாறாக் காடு. ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் ஐ.ஐ.டி. அதன் ஓரமாகச் சிறுவர் பூங்கா, பக்கத்திலேயே ராமுலஸ் விட்டேக்கர் 1972-ல் தொடங்கிய பாம்புப் பண்ணை. சிறுவர் பூங்காவை 2024-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் வண்டலூர். 1855-ல் தொடங்கிய பழைய சென்னை மிருகக்காட்சி சாலை இடம் போதாமல் காட்டுப் பகுதிக்கு மாறி, 1985-ல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 602 ஹெக்டேர். நடந்தே சுற்ற வேண்டுமென்றால் நல்ல காலுள்ளவர்களுக்கே நாக்குத் தள்ளும்.

ஆக, இடம் இருக்கிறது. மான் இருக்கிறது, மரம் இருக்கிறது. சாதாரணக் குழந்தை ஒன்றுக்கு அங்கே போக என்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் காசு, பஸ் பிடிக்கத் தயாராக இருக்கிற அப்பா. (செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து போய் வாசலோடு திரும்பி வருவது சென்னைக் குடும்பங்களின் பாரம்பரியம்!) மூளை முடக்குவாதம் உள்ள பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தால்தான் பிரச்சினையின் உருவம் தெரியும். அதில் முதலில் வருவது மானோ மரமோ இல்லை. டாய்லெட்.

இதைப் பேசக் கூச்சப்படுவதால்தான் இத்தனை வருடமாக இது தீரவில்லை. பன்னிரண்டு வயதில் டயபர் போடும் குழந்தைகள் இருக்கிறார்கள். முப்பத்தைந்து கிலோ எடை இருக்கும். கைக்குழந்தையை மடியில் போட்டு மாற்றுவது போல மாற்ற முடியாது, படுக்க வைத்தாக வேண்டும். எங்கே படுக்க வைப்பது? பொதுக் கழிப்பறையின் ஈரத் தரையிலா? அல்லது மரத்தடியில், போகிற வருகிற கூட்டம் பார்க்க, துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்துக் கொண்டா? பெண் குழந்தையாக இருந்து வயதுக்கும் வந்துவிட்டால்? இந்தக் கேள்விக்கு விடை இல்லாததால் காலையில் தண்ணீரே கொடுக்காமல் அழைத்துப் போகும் பெற்றோர் உண்டு. ஏப்ரல் வெயிலில், தண்ணீர் கொடுக்காமல்! மீதிப் பேர் போவதையே விட்டுவிட்டார்கள்.

இங்கிலாந்தில் இதற்கென்றே 2006-ல் 'சேஞ்சிங் பிளேசஸ்' என்று ஒரு இயக்கம் ஆரம்பித்தார்கள். கேட்டது ஒன்றும் பெரிதில்லை. பெரியவர்கள் படுக்கும் அளவில் உயரம் மாற்றக்கூடிய ஒரு பெஞ்ச், தூக்கிவிட ஒரு கருவி, இரண்டு பேர் நின்று உதவ இடம். அவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கேட்டு, 2021 முதல் இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் குறிப்பிட்ட பெரிய பொதுக் கட்டடங்களில் அது கட்டாயம் என்று கட்டட விதியிலேயே கொண்டு வந்துவிட்டார்கள். இங்கே தூக்கும் கருவி கூட வேண்டாம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் டைல்ஸ் பதித்த ஒரு திண்ணை, ஒரு குழாய், உள்ளே தாழ்ப்பாள். ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. செல்ஃபி எடுக்க இறக்கை வரைந்த சுவர் கட்டத் தெரிந்த பூங்காக்களுக்கு இந்தத் திண்ணை தோன்றாமல் போனதற்குக் காசு காரணம் இல்லை. இப்படி ஒரு விருந்தாளி வருவார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை, அதுதான் காரணம்.

டாய்லெட்டுக்கு அடுத்தது வாசல். டூவீலர் நுழையக்கூடாது என்பதற்காக வாசலில் இரும்புக் கம்பிகளை நெருக்கமாக நட்டு வைத்திருப்பார்கள். பைக்கும் நுழையாது, சக்கர நாற்காலியும் நுழையாது. (பைக் ஆசாமி பின்வழியாக எப்படியோ நுழைந்துவிடுவான், அது வேறு கதை.) பிறகு சாய்வுப் பாதை. ஒரு அடி ஏற்றத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது எல்லா விதிமுறைப் புத்தகத்திலும் இருக்கிற கணக்கு. ஆனால் பல இடங்களில் மூன்று படிக்கட்டின் மேல் சிமென்ட்டைப் பூசி வழுக்குமரம் மாதிரி ஒன்றைச் செய்து, மேலே நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம் வரைந்துவிடுகிறார்கள். அதில் தள்ளிக்கொண்டு ஏற பயில்வான் வேண்டும். இறங்க கடவுள் வேண்டும்.

பேட்டரி கார் இருக்கிறதே என்பார்கள். பெரிய பூங்காக்களில் இருக்கிறதுதான். பெரும்பாலும் கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற ரகம். ஏறுவதற்குப் படி, இரண்டு பக்கமும் திறப்பு, பெல்ட் கிடையாது. உட்காரும்போது உடம்பு நேராக நிற்காத குழந்தையை அதில் எப்படி உட்கார வைப்பது? சக்கர நாற்காலியை மடித்து எங்கே வைப்பது? பின்பக்கம் ஒரு சாய்வுப் பலகையும் நாற்காலியைப் பூட்ட இரண்டு கொக்கியும் உள்ள வண்டி ஒன்றே ஒன்று இருந்தால் போதும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தடைகள். தெரியாத தடைகளும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் படிக்கட்டு ஒரு பொருட்டே இல்லை, நம்மைவிட வேகமாக ஏறிவிடும். அதற்குப் பிரச்சினை காவலாளியின் விசில். ஒலிபெருக்கியில் அரைமணிக்கொருதரம் வரும் "பிளாஸ்டிக் கொண்டு வராதீர்" அறிவிப்பு. கை காய வைக்கும் மெஷினின் திடீர் சத்தம். முந்நூறு பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து குரங்கைப் பார்த்துப் போடும் கூச்சல். நம் காதில் இதெல்லாம் பின்னணி இரைச்சல். அந்தக் குழந்தைகளில் பலருக்கு இரைச்சலைப் பின்னணிக்குத் தள்ளும் வசதியே கிடையாது, எல்லாமே ஒரே நேரத்தில் முன்னணியில் வந்து அடிக்கும். காதைப் பொத்திக் கொண்டு தரையில் உட்கார்ந்து அலறும். அப்போது சுற்றி நிற்பவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே... "பிள்ளைய வளக்கத் தெரியல" என்று ஒரு குரல். "பாவம், வீட்லயே வச்சிருக்கக் கூடாதா" என்று இரக்கமாக இன்னொரு குரல். அந்த அம்மாவுக்கு இரண்டாவது குரல்தான் அதிகம் வலிக்கும்.

இத்தனைக்கும் இந்தக் குழந்தைகளை வெளியே கூட்டிப் போவது எப்படி என்பதொன்றும் ராக்கெட் ரகசியம் இல்லை. சிறப்பாசிரியர்களுக்கு அத்தனையும் தெரியும். போவதற்கு ஒரு வாரம் முன்பே படம் காட்டிச் சொல்ல வேண்டும். முதலில் வேன், பிறகு இந்த வாசல், இந்த அண்ணன் டிக்கெட் கிழிப்பார், பிறகு மான், பிறகு சாப்பாடு, பிறகு வீடு. அமெரிக்காவில் கரோல் கிரே என்ற ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் 'சோஷியல் ஸ்டோரி' என்ற பெயரில் இந்த முறையை வளர்த்தெடுத்தார். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதியாகிவிடும். நமக்கும் அப்படித்தானே, செமஸ்டர் டைம்டேபிள் கையில் வரும்வரை இருக்கிற பதற்றம் ஞாபகம் இருக்கிறதா? பூங்கா செய்ய வேண்டியது, வாசல் முதல் கழிப்பறை வரை பத்துப் படங்களை எடுத்து யார் வேண்டுமானாலும் பதிவிறக்கம் செய்து கொள்ளும்படி போட்டு வைப்பது. செலவு பூஜ்யம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் குறிப்பிட்ட சில நாட்களில் வழக்கமான நேரத்துக்கு முன்பே கதவைத் திறந்து, கூட்டமும் இரைச்சலும் இல்லாமல் இந்தக் குழந்தைகளை உள்ளே விடுகின்றன. காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் பூங்காவை மாதத்தில் இரண்டு நாள் எட்டு மணிக்குத் திறந்தால் எந்த மானும் கோபித்துக் கொள்ளப் போவதில்லை. காலையில்தான் மான் வெளியிலும் இருக்கும்.

வெளிநாட்டில் எல்லாம் சொர்க்கம் என்று அர்த்தமில்லை. 1996-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் நோயுற்ற குழந்தைகளுக்காக ஒரு சிறப்பு மாலைப்பொழுது தொடங்கியது. அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நல்ல முயற்சி, குடும்பத்தோடு அழைக்கிறார்கள், உடன்பிறந்தவர்களும் வரலாம். ஆனால் அதுவும் வருடத்தில் ஒரு நாள்தான். ஒரு நாள் கொண்டாட்டமாகவே நின்றுவிடுகிற ஆபத்து எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இயற்கை இந்தக் குழந்தைகளைக் குணப்படுத்தும்" என்கிற கூட்டம். காட்டுக்குள் கூட்டிப் போனால் ஆட்டிசம் போய்விடும், மரத்தைக் கட்டிப் பிடித்தால் பேச்சு வரும் என்றெல்லாம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. ஆராய்ச்சி சொல்வது ரொம்ப அடக்கமான விஷயம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா ஃபேபர் டெய்லரும் பிரான்சஸ் குவோவும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கவனக்குறைபாடு உள்ள 7 முதல் 12 வயது வரையிலான 17 குழந்தைகளை 20 நிமிடம் நடக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவை பூங்காவில், ஒரு தடவை நகரத்து வீதியில், ஒரு தடவை குடியிருப்புப் பகுதியில். பூங்காவில் நடந்த பிறகு கவனம் மேலாக இருந்தது. 17 பேர்தான், அதை வைத்துக் கொண்டு பெரிய முரசு எதுவும் கொட்ட முடியாது. முக்கியமாக, அப்படிக் கொட்டவும் தேவையில்லை. சாதாரணப் பிள்ளைகள் மிருகக்காட்சி சாலைக்குப் போவது எந்த வியாதி குணமாக? யானை பார்க்கப் போகிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறார்கள். இந்தக் குழந்தைகள் போவதற்கு மட்டும் ஏன் மருத்துவக் காரணம் தேவைப்படுகிறது? எதைச் செய்தாலும் அது தெரபியாகத்தான் இருக்க வேண்டுமா? தண்ணீரில் கல் எறிந்தால் அது 'கை-கண் ஒருங்கிணைப்புப் பயிற்சி', மணலில் விளையாடினால் 'புலன் தூண்டல்'. சும்மா இருக்கும் உரிமைகூட இல்லாத பிழைப்பு.

உரிமை என்ற சொல் வெறும் உணர்ச்சி வேகத்தில் வந்து விழவில்லை. சட்டத்தில் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு பண்பாடு, பொழுதுபோக்கு பற்றியது. வெளிப்புற முகாம்களிலும் சாகச நடவடிக்கைகளிலும் அவர்கள் பங்கேற்க வழி செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். 16-வது பிரிவு இன்னும் நேரடி. அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் கல்வியோடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாக வழங்க வேண்டும். அப்படியானால், ஒரு சாதாரணப் பள்ளி தன் ஐந்தாம் வகுப்பை மொத்தமாக டூருக்குக் கூட்டிப் போகும்போது, அந்த வகுப்பிலேயே படிக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுமியின் அம்மாவைக் கூப்பிட்டு "அன்னைக்கு மட்டும் லீவு போட்டுருங்கம்மா, பாத்துக்க ஆள் இல்ல" என்று சொல்வது என்ன? அன்பான குரலில் சொன்னாலும் சட்டமீறல் சட்டமீறல்தான்.

அந்த "பாத்துக்க ஆள் இல்ல" என்பதில் ஓரளவு உண்மையும் இருப்பதுதான் சங்கடம். 2021-ல் உச்சநீதிமன்றம் தொடக்கப் பள்ளியில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தை வைக்கச் சொன்னது. அது வகுப்பறைக்கு, நான்கு சுவருக்குள். வெளியே போனால் இன்னும் ஆள் வேண்டும். ஓடிவிடும் குழந்தைக்குத் தனியாக ஒருவர், வலிப்பு வரக்கூடிய குழந்தைக்கு மருந்துப் பையோடு ஒருவர். ஆசிரியர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, ஏதாவது நேர்ந்தால் முதலில் மாட்டுவது அவர்கள்தான். ஆனால் ஆள் இல்லை என்றால் ஆளைத் தேடுவதுதானே முறை? ஊரில் எத்தனை காலேஜ், எத்தனை என்.எஸ்.எஸ். யூனிட்! வருடா வருடம் முகாமில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பையன்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, ஒரு குழந்தைக்கு ஒருவர் என்று கூட அனுப்பினால் என்ன? அதைச் செய்யாமல் குழந்தையை வீட்டில் விடுவது எல்லாவற்றிலும் சுலபமான வழி, அதனாலேயே எல்லோரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சட்டம் இத்தோடு நிற்கவில்லை. 'பொதுக் கட்டடம்' என்பதற்கான விளக்கத்திலேயே ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படும் கட்டடங்கள் வருகின்றன. பழைய பொதுக் கட்டடங்களை விதிகள் அறிவிக்கப்பட்ட ஐந்து வருடத்துக்குள் சரி செய்ய வேண்டும் என்கிறது 45-வது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனோடு முடிந்தாயிற்று. பிறகு 2024 நவம்பர் 8 அன்று ரஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னொரு உண்மையைப் போட்டு உடைத்தது. அணுகல் தரங்கள் என்ற பெயரில் 15-வது விதி கொண்டு வந்தவையெல்லாம் வெறும் பரிந்துரைகளாக இருக்கின்றன, சட்டமோ கட்டாயத் தரங்களைக் கேட்கிறது, ஆகவே அந்த விதி சட்டத்துக்கு முரண் என்றது. மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவு. ரதூரி வழக்குப் போட்டது 2005-ல்! அந்த வருடம் பிறந்த குழந்தை தீர்ப்பு வந்தபோது காலேஜில் படித்துக் கொண்டிருக்கும். ஒரு குழந்தைப் பருவம் முழுசாக ஃபைலுக்குள் போய்விட்டது.

இனி பணக் கணக்கு. "நாலு பேர் வருவதற்காக இவ்வளவு செலவா" என்ற கேள்வி எப்போதும் தயாராக இருக்கும். முதலில், நாலு பேர் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். அதுவும் பழைய சட்டக் காலத்துக் கணக்கு, 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. வரவில்லை என்பதால் ஆளே இல்லை என்று நினைப்பது, கடையை மூடி வைத்துவிட்டு வியாபாரம் இல்லை என்பது போல.

இரண்டாவது, பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவைப் பி.காம். படிப்பவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி இருந்தால், முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணையில் சிறப்புக் கல்வி தெளிவாக இருக்கிறது. பரீட்சைக்கு இதுவரை போதும். பரீட்சையில் வராத பகுதிதான் சுவாரஸ்யம். மாரத்தான், விருது விழா, விளம்பரம் போன்ற ஒருநாள் கூத்துகள் இந்தச் செலவில் சேராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூனிலேயே சுற்றறிக்கை விட்டது. 2021-ல் திருத்திய விதிகளில், தன் பொருளுக்கோ சேவைக்கோ மார்க்கெட்டிங் லாபம் தேடி ஸ்பான்சர் செய்வது சமூகப் பொறுப்பாகாது என்று எழுதிவிட்டார்கள். முதுகில் லோகோ போட்ட டீ-ஷர்ட் இதில் எந்தப் பக்கம் விழும் என்று ஆடிட்டர்களே சொல்லட்டும்.

ஒரு கணக்குக்காக வைத்துக் கொள்ளுங்கள். 60 டீ-ஷர்ட், ஒன்று 250 ரூபாய், ஆக 15,000. வேன் இரண்டு, 12,000. எண்பது சாப்பாடு 120 வீதம் 9,600. பேனர், பொக்கே, சால்வை வகையறா 3,400. மொத்தம் 40,000. சாயங்காலம் ஆறு மணிக்கு இதில் எது மிச்சம்? சால்வை மட்டும், அதுவும் சிறப்பு விருந்தினர் வீட்டில். முதல் வருடம் அக்கவுன்ட்ஸ் படித்த பிள்ளைக்குக்கூட வருவாயினச் செலவுக்கும் மூலதனச் செலவுக்கும் வித்தியாசம் தெரியும். மேலே சொன்ன டைல்ஸ் திண்ணை மூலதனச் செலவு. பதினைந்து வருடம் நிற்கும், யார் வந்தாலும் பயன்படும். 2021 விதிகள் இதற்கும் வழி வைத்திருக்கின்றன. சமூகப் பொறுப்புப் பணத்தில் உருவாக்கும் சொத்தைப் பொது அதிகார அமைப்பின் பெயரில் வைக்கலாம். அரசுப் பூங்காவில் கட்டுவதற்குத் தடையே இல்லை. தடை ஒன்றுதான், திண்ணைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தால் அழகாக இருக்காது.

"காட்டைக் காடாக விடுங்கள், சிமென்ட் போட்டு நாசம் பண்ணாதீர்கள்" என்று சூழலியல் நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அவர்கள் அக்கறை பொய்யில்லை. ஆனால் யாரும் நடுக்காட்டில் தார் ரோடு கேட்கவில்லை. பொதுமக்கள் ஏற்கெனவே நடக்கும் பகுதியில், ஏற்கெனவே இருக்கும் பாதையில், கொஞ்ச தூரத்துக்குக் கெட்டித்த மண் அல்லது பலகை. வேன் பார்க்கிங்குக்கும் கேன்டீனுக்கும் மியூசிக்கல் ஃபவுன்டனுக்கும் இடம் கொடுத்த காடு, நாலடி அகலப் பாதையில் மட்டும் அழிந்துபோகும் என்று வாதிடுவது கொஞ்சம் ஓவர்.

முடியும் என்பதற்கு இதே ஊரில் உதாரணம் இருக்கிறது. சாந்தோமில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும்படி மாநகராட்சி ஒரு பூங்கா அமைத்தது. மெரினாவில் டிசம்பர் 3-ஐ ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டுப் பிறகு பிரித்துவிடுவார்கள். அந்தச் சில நாளில் கடலைத் தொட்டால் உண்டு. கூடாது, நிரந்தரமாக வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பரில் மரத்தாலான நிரந்தரப் பாதை வந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது, உடனே கேலி செய்ய ஒரு கூட்டம் கிளம்பியது. பிறகு அதைச் சரி செய்தார்கள். புயல் அடித்தால் ரோடுகூடத்தான் போகிறது, அதற்காக யாரும் ரோடே வேண்டாம் என்று சொல்வதில்லை. மணலில் சக்கரம் புதையாமல் அலைவரை போக வழி செய்ய முடிந்த ஊருக்கு, மான் வேலிவரை போக வழி செய்வது மலையைப் புரட்டும் வேலை இல்லை.

காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பூங்காக்கள் அரசுத் துறைகளின் கையில் இருக்கின்றன, தகவல் உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பக்கத்து ஊர்ப் பூங்காவுக்கு யார் வேண்டுமானாலும் இதைக் கேட்டு எழுதலாம். 2016 சட்டப்படி இங்கே அணுகல் தணிக்கை நடந்திருக்கிறதா, நடந்தது என்றால் அறிக்கையின் நகல் எங்கே? சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறைகள் எத்தனை, அவை தினமும் திறந்திருக்கின்றனவா? கடந்த மூன்று நிதியாண்டில் இதற்காக ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? பதில் திருப்தியாக இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அதே சட்டத்தின் 89-வது பிரிவில் முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரையும் அபராதம் இருக்கிறது. மனுவை டிசம்பருக்காக எடுத்து வைக்க வேண்டாம், ஜனவரியிலேயே போட்டால் கோடை விடுமுறைக்குள் பதில் கையில் இருக்கும்.